தெம்புக்கு ஒரு புட்டி: தோட்டக் காலம் முதல் சக்தி பானம் வரை

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையை ஒட்டி இருக்கும் சிற்றூர் பாலோ. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துத் தமிழர்களின் பிழைப்பு பால்மரத்தை நம்பி இருந்தது. பிறகு செம்பனை வந்தது. இன்று இப்படிப்பட்ட ஊர்களில் எந்த மளிகைக் கடையின் குளிர்ப்பெட்டியைத் திறந்தாலும் பளபளப்பான சிறு டின்களில் சக்தி பானம் வரிசையாக நிற்கும். நலக்கல்வி வகுப்பில் ஒரு மாணவன், "டீச்சர், எங்க தாத்தாவுக்கு இனிப்புநீர். அவர் இந்த டின்னைக் குடிக்கலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். பெரும்பாலும் அது சரியான பதிலும்தான். ஆனால் தாத்தா ஏன் அதைக் குடிக்க ஆசைப்படுகிறார், "குடிச்சா தெம்பு வரும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரியாவிட்டால் அந்தப் பதில் வீட்டுக்குப் போய்ச் சேராது. அந்த நம்பிக்கைக்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ள அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

பெயரிலேயே இருக்கும் இனிப்பு

முதலில் நோயின் பெயர். நூலில் நாம் "நீரிழிவு" என்று எழுதுகிறோம். மலேசியத் தமிழர் வாயில் அது "இனிப்புநீர்". மலாய்க்காரர்கள் "கென்சிங் மானிஸ்" என்கிறார்கள்; பொருள் அதேதான். பழைய இந்திய மருத்துவ நூல்களில் இதன் பெயர் "மதுமேகம்", அதாவது தேன் போன்ற சிறுநீர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதை அக்காலத்து மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். கிரேக்க மொழியிலிருந்து வந்த "டயபெட்டிஸ்" என்ற சொல்லுக்கு ஊடாகப் பாய்ந்து வெளியேறுவது என்று பொருள். குடிக்கிற நீரெல்லாம் நிற்காமல் வெளியேறுவதை அது குறிக்கிறது. 1776இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் மேத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சிப் பார்த்தபோது சீனி போன்ற படிவு எஞ்சியது. இரத்தத்திலும் அந்த இனிப்பு இருப்பதை அவர் கண்டார்.

இன்சுலின் 1921இல்தான் கனடாவின் டொரொண்டோ நகரில் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குப் பிறகே நோயின் சூட்சுமம் தெளிவாக விளங்கத் தொடங்கியது. நாம் உண்ணும் சோறும் சீனியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோஸ் தசைக்குள் போவதற்குக் கதவைத் திறந்துவிடுவது இன்சுலின். இன்சுலின் போதாவிட்டாலும், இருந்தும் சரியாக வேலை செய்யாவிட்டாலும், குளுக்கோஸ் வாசலிலேயே தேங்கிவிடும். இரத்தம் முழுக்கச் சீனி, தசையோ பட்டினி. அதனால்தான் இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு எப்போதும் சோர்வு, தாகம். இந்தச் சோர்வு பற்றாக்குறையால் வருவதில்லை. மிகுதியின் நடுவே வருவது. இனி வரும் கதை முழுவதும் இந்த ஒரு குறிப்பில்தான் தொங்குகிறது.

தோட்டத்து உடம்பும் அதன் பசியும்

தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர்களின் உடம்பு உண்மையிலேயே பற்றாக்குறையில் இருந்த உடம்பு. விடியுமுன் பெரட்டு. பிறகு வெயில் ஏறும்வரை மரத்துக்கு மரம் நடந்து வெட்டு. அப்புறம் பால் சேகரித்து, வாளி தூக்கி, ஸ்டோருக்கு நடை. சம்பளமும் குறைவு, சாப்பாடும் குறைவு. அந்த உடம்புக்கு ஒரு கோப்பை இனிப்புக் கோப்பி உண்மையாகவே தெம்பு கொடுத்தது. உள்ளே போன சீனி உச்சி வெயில் வருவதற்குள் எரிந்துவிடும்.

அதே உடம்புக்கு விற்கப்பட்ட இன்னொரு பானம் கள். தோட்டங்களிலேயே கள்ளுக்கடை இருந்தது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. கள்ளில் சத்து இருக்கிறது என்று வாதாடியவர்களும் உண்டு. அதை எதிர்த்து எழுந்தவர்களும் தொழிலாளர்களே. 1946, 1947 ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை என்ற இயக்கம் கள்ளுக்கடை மறியல் நடத்தியது. ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதில் முன்னின்றார். "சத்து" என்று சொல்லி விற்கிற பானம் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்ற கேள்வியை நம் முன்னோர் அப்போதே கேட்டிருக்கிறார்கள்.

அடுத்து வந்தது டின்னில் அடைத்த கெட்டிப்பால். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் கெடாது என்பதால் அது மலாயா முழுக்கப் பரவியது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சீனி. அதைக் கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பழக்கமும் விளம்பரத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. இங்கே மருத்துவராகப் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தார் முன் இதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். அந்த உரையின் தலைப்பே "பாலும் கொலையும்" என்பதுதான். ஓர் உணவுப் பொருள் ஒருவருக்கு ஏற்றதாக இருப்பதாலேயே எல்லாருக்கும் ஏற்றதாகிவிடாது என்பதை இந்த மண்ணில் உரக்கச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

கெட்டிப்பால் கோப்பிக்கடைக்கும் வந்தது. பாலோவுக்குப் பக்கத்தில் குளுவாங் இரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய கோப்பிக்கடை இன்றும் பேர்போனது. இனிப்புக் கோப்பியும் தே தாரேக்கும் இரயில்காரர், தோட்டக்காரர், கடைக்காரர் எல்லாருக்கும் பொதுவான பானமாயின.

நோயாளிக்கும் லாரிக்காரருக்கும் பிறந்த பானங்கள்

உலகின் மற்ற மூலைகளில் இதே காலத்தில் "சக்தி" புட்டியில் அடைபட்டது. 1927இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருந்துக்கடைக்காரர் வில்லியம் ஹண்டர், காய்ச்சல் வந்து படுத்தவர்களுக்காக ஒரு குளுக்கோஸ் பானம் செய்தார். 1929இல் அதற்கு லூக்கோசேட் என்று பெயர் வந்தது. நம் ஊர் மருத்துவமனைகளிலும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் அந்தப் புட்டி நெடுங்காலம் இருந்தது. 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மெய்ன் மைலோவை உருவாக்கினார். அதன் பெயர் பழங்கால கிரேக்க மல்லன் ஒருவனுடையது. மலேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளையும் மைலோ வண்டியையும் பிரித்து நினைக்க நம்மால் முடியுமா?

இன்றைய சக்தி பானத்தின் நேரடித் தாத்தா ஜப்பானில் பிறந்தது. 1962இல் தைஷோ மருந்து நிறுவனம் லிபோவிட்டான் டி என்ற 100 மில்லி புட்டியை வெளியிட்டது. டாரின் என்ற பொருளும் பி வைட்டமின்களும் கலந்த அது, ஓயாமல் உழைத்த தலைமுறைக்கான டானிக். 1970களின் நடுவில் தாய்லாந்தில் சாலியோ யூவித்யா "கிராட்டிங் டேங்" என்ற பானத்தைத் தயாரித்தார். சிவப்புக் காட்டெருது என்று அதற்குப் பொருள். காட்டெருதை மலாயில் செலாடாங் என்பார்கள். இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவரும் கட்டட வேலைக்காரரும் அதை விரும்பிக் குடித்தார்கள். ஆஸ்திரியாவின் டீட்ரிக் மேட்டஷிட்ஸ் அவரோடு கூட்டுச் சேர்ந்து, 1987இல் அதையே ரெட் புல் என்ற பெயரில் ஐரோப்பாவில் இறக்கினார். லாரிக்காரரின் பானம் அதோடு மாணவருக்கும் விளையாட்டு வீரருக்கும் அலுவலகக்காரருக்கும் உரியதாகிவிட்டது.

இந்த வரிசையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒன்று புரியும். ஒவ்வொரு பானமும் ஒரு குறிப்பிட்ட உடம்பின் குறிப்பிட்ட தேவைக்காகப் பிறந்தது: காய்ச்சல்காரர், வளரும் பிள்ளை, கண் விழிக்கும் ஓட்டுநர். விற்பனையோ "சக்தி" என்ற ஒரே சொல்லை வைத்து அதை எல்லா உடம்புக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வேலை மாறியது, கோப்பை மாறவில்லை

இதற்கிடையில் நம் உடம்பும் வாழ்க்கையும் மாறின. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்தவர்கள் தொழிற்சாலையிலும் காவல் வேலையிலும் வண்டியிலும் உட்கார்ந்தார்கள், நின்றார்கள். மைல் கணக்கில் நடப்பது நின்றுபோனது. கோப்பையில் சீனி மட்டும் அதே அளவு. சிங்கப்பூரில் 1975இல் எடுத்த கணக்கெடுப்பிலேயே மலாய், சீன மக்களைவிட இந்தியரிடம் இனிப்புநீர் கூடுதலாக இருந்தது. மலேசியாவில் தேசிய சுகாதார ஆய்வின்படி, இனிப்புநீர் உள்ள பெரியவர்களின் விகிதம் 2011இல் 11.2 விழுக்காடு, 2019இல் 18.3 விழுக்காடு. 2023இல் அது 15.6 விழுக்காடாகச் சற்று இறங்கியது. 2019 ஆய்வில் இன வாரியாகப் பார்த்தபோது விகிதம் மிக அதிகமாக இருந்தது இந்தியர்களிடம். பரம்பரைக் கூறு ஒரு காரணம். சாப்பாடும் உடலுழைப்புக் குறைவும் இன்னொரு காரணம். ஆக, தாத்தாவைப் பற்றிய அந்த மாணவனின் கேள்வி நம் சமூகத்தில் வீட்டுக்கு வீடு எழக்கூடிய கேள்வி.

சரி, குடிக்கலாமா?

டின்னுக்குள் இருப்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது சீனி. ஐரோப்பாவில் விற்கும் 250 மில்லி ரெட் புல் டின்னில் 100 மில்லிக்கு 11 கிராம் வீதம் 27.5 கிராம் சீனி இருக்கிறது. கிட்டத்தட்ட 7 தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம், பெரியவர் ஒருவர் நாள் முழுவதற்கும் சேர்த்துக்கொள்ளும் சீனி சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நீர் வடிவில் போகும் சீனி வேகமாக இரத்தத்தில் ஏறும். ஏற்கெனவே வாசலில் தேங்கி நிற்கும் குளுக்கோஸோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். தெம்பு வேண்டிக் குடித்தவருக்குக் கிடைப்பது இன்னும் கொஞ்சம் சோர்வும் தாகமும்தான். அந்தத் தாகத்துக்கு இன்னொரு டின் என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது காஃபீன். அதே டின்னில் அது 80 மில்லிகிராம். ஏறக்குறைய ஒரு கோப்பைக் கோப்பியில் இருப்பது. 2008இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், கோப்பி குடிக்கும் பழக்கமுள்ள இரண்டாம் வகை இனிப்புநீர்க்காரர் பத்துப் பேருக்குக் காஃபீன் மாத்திரை கொடுத்துச் சோதித்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் அவர்களுடைய இரத்தச் சீனி கூடுதலாக ஏறியது. சிறிய ஆய்வுதான், நெடுங்காலம் கோப்பி குடிப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு குறைவு என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. எனவே காஃபீனை நஞ்சு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது தருவது விழிப்பு மட்டுமே. களைப்பை மறைக்கும், தீர்க்காது. இரத்த அழுத்தமோ இதய நோயோ சேர்ந்திருந்தால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

"சீனி இல்லாத டின் இருக்கே, அதைக் குடிக்கலாமில்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. சீனிப் பிரச்சினை அதில் பெரிதும் நீங்குகிறது. காஃபீன் அப்படியே இருக்கிறது. காஃபீன் அதிகமானால் வரும் படபடப்பும் கை நடுக்கமும், சீனி தாழ்ந்துபோகும்போது வரும் அறிகுறிகளைப் போலவே இருக்கும். இன்சுலின் போடுகிறவர் எது எது என்று குழம்பிப் போகலாம். எப்போதாவது ஒன்று குடிக்க விரும்பினால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, சீனி அளவைச் சோதித்துப் பார்த்துக் குடிப்பது நல்லது.

ஒரே ஒரு நேரத்தில் கதை தலைகீழாகும். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு இரத்தச் சீனி மிகவும் தாழ்ந்து, வியர்த்து நடுங்கும்போது சீனிதான் மருந்து. சுமார் 15 கிராம் உடனே கொடுக்க வேண்டும்; குளுக்கோஸ் மாத்திரையோ, பழச்சாறோ, சீனி கலந்த தண்ணீரோ போதும். பிரிட்டனில் பலர் இதற்கென்றே லூக்கோசேட்டைக் கையில் வைத்திருந்தார்கள். 2017இல் அந்தப் பானத்தில் சீனியை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தபோது, பழைய அளவு இனிப் போதாது என்று அவர்களை எச்சரிக்க வேண்டி வந்தது. பானத்தின் பெயரைப் பார்த்தால் போதாது, லேபிளைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சட்டமும் வகுப்பறையும்

மலேசிய அரசு 2019 ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. 2024இல் அது 50 காசாகவும் 2025 தொடக்கத்தில் 90 காசாகவும் ஏறியது. ஆலையில் அடைத்து வரும் டின்னுக்குத்தான் இந்த வரி. கோப்பிக்கடையில் நம் கண்முன்னே கலக்கும் தே தாரேக்குக்கு இல்லை. அந்த இடத்தில் சட்டம் வராது. "கம்மியா சீனி போடுங்க" என்று நாமேதான் சொல்ல வேண்டும்.

வகுப்பில் செய்ய எளிய மூன்று நடவடிக்கைகள்:

1. கணிதம்: மாணவர்கள் காலி டின்களைக் கொண்டுவந்து லேபிளைப் படித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தேக்கரண்டிச் சீனி என்று கணக்கிடலாம் (1 தேக்கரண்டி = 4 கிராம்). 250 மில்லி டின்னுக்கு 2019இல் வரி எவ்வளவு, 2025இல் எவ்வளவு? (விடை: 10 காசு, 22.5 காசு.)

2. தமிழ்: இனிப்புநீர், நீரிழிவு, மதுமேகம், கென்சிங் மானிஸ் ஆகிய நான்கு பெயர்களையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதலாம்.

3. வரலாறு: வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம், "நீங்க வேலை செஞ்ச காலத்துல தெம்புக்கு என்ன குடிச்சீங்க? அப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேட்டு எழுதி வரலாம். இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மூன்றாவது நடவடிக்கைதான் அந்த மாணவனின் கேள்விக்கு மிகப் பொருத்தமான விடை. தன் உழைப்பைப் பற்றிப் பேரப்பிள்ளையிடம் பேசும் தாத்தா, அன்று தன் உடம்பு எதை எரித்தது, இன்று எதை எரிக்கவில்லை என்பதைத் தாமே சொல்லிவிடுவார்.