கிணறு வேறு, ஊற்றுக்கண் வேறு

வடசென்னை வைத்தியக் கதை – 17

கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். ராயபுரத்தில் என் சின்ன வயதில் அது ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. வீட்டில் ஒரு பிள்ளை வெளிறிப் போயிருந்தால், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினால், ஆயா கையில் தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பும். "சுவரொட்டி ஒண்ணு, ஈரல் கால் கிலோ, நல்லி எலும்பு நாலு. நேத்து வெட்டுனத தலையில கட்டிடப் போறாரு, பாத்து வாங்கு."

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். கருஞ்சிவப்பாக, தட்டையாக, தொட்டால் வழுக்கும். அதைத் தணலில் வாட்டித் துண்டு போட்டு, உப்பும் மிளகுத்தூளும் தூவி வெளிறிய பிள்ளையின் முன்னால் வைத்துவிட்டு ஆயா சொல்லும் ஒரே வாக்கியம்: "தின்னு, ரத்தம் ஊறும்."

ஊறும். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரக் கதை நகரப் போகிறது. ரத்தம் சுரக்கும் என்றோ உண்டாகும் என்றோ நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுவதைப் போல உடம்பில் ரத்தம் ஊறுகிறது. ஊறுகிறது என்றால் எங்கோ ஓர் ஊற்றுக்கண் இருக்க வேண்டும். அது எங்கே? உலகம் இதற்கு விடை தேட நூறாண்டுக்கு மேல் ஆனது.

வற்றிய கிணறு, உப்பான கிணறு

சென்ற வாரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் பிறப்பைப் பார்த்தோம். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரம் பிறகு வைத்தியசாலையாகி, 1938இல் மருத்துவக் கல்லூரியானது. இன்றும் பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் வார்டுக்கு வெளியே நின்றால் ஒரு வார்த்தை காதில் விழும்: "ரத்தம் ஊறவே மாட்டேங்குது."

அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று விதமான நோய்கள் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை காய்ந்துபோகும் ஏபிளாஸ்டிக் அனீமியா, ஊற்றே வற்றிய கிணறு. தாலசீமியாவில் ஊற்று வற்றுவதில்லை. ஊறும் ரத்தம்தான் பழுது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிறர் ரத்தம் ஏற்றியே பிள்ளையை வளர்க்க வேண்டும். அப்படி ஏற்ற ஏற்ற அதிலுள்ள இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படிந்து வேறு வினை செய்யும். மூன்றாவது ரத்தப் புற்றுநோய். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பானது வடசென்னைக்குத் தெரிந்த கதை. புற்றுநோயில் மஜ்ஜை அப்படித்தான் ஆகிறது: கிணறு நிறைய இருக்கும், ஒரு வாய் குடிக்க உதவாது.

இந்த மூன்றுக்கும் சுவரொட்டி உதவாது. இரும்புச் சத்துக் குறைவால் வெளிறிய பிள்ளைக்கு அது நல்ல மருந்து. ஈரலுக்கோ நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. தினம் கால் கிலோ வரை ஈரல் தின்னவைத்து, அதுவரை ஆளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகையை அமெரிக்காவின் மைனாட்டும் மர்ஃபியும் 1926இல் அடக்கினார்கள். 1934இல் விப்பிளோடு சேர்த்து அவர்களுக்குப் பரிசு. ஆனால் இதெல்லாம் கிணற்றுக்கு உரம் போடுகிற வைத்தியம். ஊற்றுக்கண்ணே கெட்டுப்போனால் வேறு ஊற்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்கு முதலில் கிணறு எது என்று தெரிய வேண்டும்.

எலும்பைப் பிழிந்தவர்

1868இல் கோனிக்ஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் நாய்மன் என்ற ஜெர்மானியர் எலும்பைப் பிழிந்து, வந்த சாற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முற்றாத சிவப்பணுக்கள் அதில் குவிந்து கிடந்தன. ரத்தம் வாழ்நாள் முழுதும் எலும்புக்குள்தான் ஊறுகிறது என்று எழுதினார். அதே ஆண்டில் இத்தாலியின் பிட்சோசேரோவும் அதையே சொன்னார். நல்லி எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்ட பரம்பரைக்கு இது அதிசயமில்லை. ஆனால் அன்றைய மருத்துவ உலகம் இதை நம்பப் பல ஆண்டுகள் பிடித்தன.

1909இல் ரஷ்யரான மாக்சிமோவ் ஒரு படி மேலே போனார். சிவப்பணு, வெள்ளையணு என்று தனித்தனி மூலங்கள் கிடையாது, எல்லாவற்றுக்கும் தாயாக ஒரே ஓர் அணு இருக்கிறது என்றார். இன்று ஸ்டெம் செல், குருத்தணு என்கிறோமே, அதுதான். கண்ணால் பார்த்து அடையாளம் காட்ட முடியாததால் வாதம் நீண்டது.

வாதத்தை முடித்து வைத்தது சுவரொட்டி. ஹிரோஷிமாவுக்குப் பிறகு கதிர்வீச்சு ரத்த ஊற்றை எரித்துவிடுகிறது என்று உலகம் அறிந்திருந்தது. 1949இல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் எலிகளின் மண்ணீரலை மட்டும் ஈயத்தகட்டால் மூடி, மற்ற உடம்பில் கதிர் பாய்ச்சினார். சாக வேண்டிய எலிகள் பிழைத்தன. 1961இல் கனடாவின் டொரன்டோவில் மெக்கலக் என்ற டாக்டரும் டில் என்ற இயற்பியல்காரரும், கதிர் பாய்ச்சிய எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்து அறுத்துப் பார்த்தபோது மண்ணீரல் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டிகள். ஏற்றிய மஜ்ஜை அதிகமானால் கட்டியும் அந்தக் கணக்கிலேயே அதிகம். ஒவ்வொரு கட்டியும் ஒற்றை அணுவிலிருந்து முளைத்தது என்பது 1963இல் உறுதியானது. எலிக்கு ஆயுள் முழுக்க மண்ணீரலிலும் ரத்தம் ஊறும். அதனால்தான் அங்கே முளைத்தது. கண்ணுக்குத் தெரியாத தாயணுவைக் கட்டியாக்கி எண்ண முடிந்தது.

ராயபுரம் தடத்தில் வேலூர்

அணுவை எண்ண முடிந்தால் மாற்றி நடவும் முடியும். அமெரிக்காவில் டொனால் தாமஸ் 1957இலேயே மனிதர்களுக்கு முயன்று, தோல்விமேல் தோல்வி கண்டு, விடாமல் நின்று, 1990இல் நோபல் பரிசு வாங்கினார். முதல் முழு வெற்றி ஒரு குழந்தையிடம்தான் கிடைத்தது. 1968இல் மினசோட்டாவின் குழந்தை மருத்துவர் ராபர்ட் குட், நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த ஐந்து மாத ஆண் குழந்தைக்கு அக்காவின் மஜ்ஜையைக் கொடுத்துக் காப்பாற்றினார்.

இந்தியாவில் முதல் மாற்று 1983 மார்ச்சில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட ஒன்பது வயதுச் சிறுமிக்கு மஜ்ஜை தந்தவர் அவளுடைய சகோதரர். செய்தவர் சுரேஷ் அத்வானி. சின்ன வயதிலேயே போலியோ தாக்கி, சக்கர நாற்காலியில் இருந்தபடி மருத்துவம் படித்தவர். தாமஸிடம் பயின்று வந்தவர். 1986இல் வேலூர் சி.எம்.சி.யில் மாமன் சாண்டி, தாலசீமியா கண்ட குழந்தைக்கு மஜ்ஜை மாற்றினார். தமிழ்நாட்டின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

இதில் நம் ஊருக்கு ஒரு பாத்தியதை உண்டு. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து. போய் நின்ற இடம் வாலாஜா ரோடு. அந்தத் தடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினால் காட்பாடி, இறங்கினால் வேலூர். எத்தனையோ வடசென்னைத் தாய்மார் பையில் ரிப்போர்ட்டும் மடியில் வெளிறிய பிள்ளையுமாகப் போனது அந்தத் தடத்தில்தான். இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ரேவதி ராஜ் போன்ற குழந்தை ரத்தநோய் மருத்துவர்களால் சென்னையே இந்தச் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற ஊராகிவிட்டது.

சிகிச்சை என்றதும் பெரிய ஆபரேஷன் என்று நினைப்போம். பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பழைய மஜ்ஜையை மருந்தால் ஒழித்து இடத்தைக் காலி செய்கிறார்கள். கொடுப்பவரின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஒரு பையில் தொங்கவிட்டு, சாதாரண ரத்தம் ஏற்றுவதுபோல் கைநரம்பிலோ கழுத்து நரம்பிலோ ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான். எலும்புக்குள் யாரும் கொண்டுபோய் வைப்பதில்லை. ரத்தத்தோடு சுற்றித் திரிந்து, அந்த அணுக்கள் தாமாகவே எலும்பைக் கண்டுபிடித்துக் குடியேறுகின்றன. பிறகு இரண்டு மூன்று வாரம், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரே கேள்வி: "கவுன்ட் ஏறிடுச்சா?"

எலும்பைத் தேடிப் போகத் தெரிகிறது என்றால், இந்த அணுவுக்கு எலும்பு பிறந்த வீடு இல்லை, புகுந்த வீடு. பிறந்த வீடு எது?

காடையும் கோழியும்

ராயபுரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் ஏழுகிணறு. 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க கேப்டன் பேக்கர் அமைத்த ஏற்பாடு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அன்று கோட்டையில் கேட்டிருந்தால் ஏழுகிணறு என்றிருப்பார்கள். அது பாதி பதில். தண்ணீர் அங்கே கிடைக்கிறது; பெய்த இடம் வேறு, நிலத்தடியில் நடந்து வந்த வழி வேறு. மஜ்ஜையும் அப்படித்தான்.

கோழிக்கருவின் மஞ்சள்கருப் பையில் செம்புள்ளிகள் முளைப்பதை 1817இலேயே பாண்டர் எழுதியிருந்தார். ரத்தத் தீவுகள் என்று அவற்றுக்குப் பெயர். வாழ்நாள் ரத்தமெல்லாம் அங்கே தோன்றி, பிறகு உடம்புக்குள் குடிபோகிறது என்பதே நெடுங்கால நம்பிக்கை. 1975இல் பாரிஸ் பக்கத்தில் பிரான்சுவாஸ் டீட்டர்லென் என்ற பெண் விஞ்ஞானி காடைக் கருவை எடுத்துக் கோழியின் மஞ்சள்கருப் பைமேல் ஒட்டவைத்தார். காடை அணுவின் உட்கருவில் சாயமேற்றினால் அடர்த்தியாகத் தெரியும் புள்ளி ஒன்று உண்டு. கோழிக்கு அப்படி இல்லை. வளர்ந்த கருவில் நிலைத்து ஊறிய ரத்தம் காடையின் ரத்தம். அப்படியானால் பையில் வந்தது முதல் சில நாளுக்கான தற்காலிக ரத்தம். நிலையான ஊற்று கருவின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. தொண்ணூறுகளில் மெட்வின்ஸ்கியும் எலைன் ஜியர்சாக்கும் எலிக்கருவில் அந்த இடத்தைப் பெருந்தமனி ஓரம் வரை நெருக்கினார்கள்.

நேரில் காட்டியது ஒரு மீன். வரிக்குதிரை மீன் என்று மீன்தொட்டிக் கடைகளில் விற்பார்களே, விரல் நீளம்கூட இல்லாத அதுதான். அதன் கரு கண்ணாடி மாதிரி இருக்கும். 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் அதை முதலில் விவரித்தவர் புக்கானன் ஹாமில்டன். 1800இல் நம் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், மலபார் என்று சுற்றி எழுதினாரே, அவரேதான். போஸ்டனில் குழந்தைகளின் ரத்தநோய் மருத்துவரான லியோனார்ட் சோன், வார்டில் பார்த்த நோய்களை இந்த மீனில் தேடியவர்களில் முக்கியமானவர். ரத்தம் சரியாக ஊறாத மீன் வகைகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் ஷார்டனே, ரீஸ்லிங் என்று ஒயின் பெயர் வைத்தார்கள். 2010இல் மீன்கருவின் பெருந்தமனியை உயிரோடு படம் பிடித்தபோது, பல ஆய்வகங்கள் ஒரே காட்சியைக் கண்டன: குழாயின் சுவராக இருந்த ஓர் அணு வளைகிறது, உருள்கிறது, சுவரைவிட்டுக் கழன்று ரத்த ஓட்டத்தில் சேர்கிறது. செங்கல்லே தண்ணீராக மாறுவதைப் போல.

மனிதக் கருவில் இது கிட்டத்தட்ட 27ஆம் நாள். தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. கருவின் அளவு ஒரு மிளகு. அங்கே பிறந்த ஒரு சில அணுக்கள் முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பெருகுகின்றன. மண்ணீரலும் கொஞ்ச காலம் கைகொடுக்கும். கடைசியாக எலும்பு. ஈரல், சுவரொட்டி, நல்லி. ஆயாவின் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்.

யாருக்கு அவசரம்?

இந்த ஊற்றுக்கண்ணை அறிய மற்றவர்களைவிடக் குழந்தை மருத்துவர்களுக்கு அவசரம் அதிகம். மஜ்ஜை பொருந்தினால்தான் மாற்ற முடியும். கூடப்பிறந்தவரோடு பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. ஒற்றைப் பிள்ளை என்றால் அதுவும் இல்லை. பெற்றோரின் பாதிப் பொருத்தத்தை வைத்துச் செய்கிறார்கள். சென்னையிலேயே தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்களில் முகம் தெரியாதவரைத் தேடுகிறார்கள். 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன், தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தால் அண்ணனைப் பிழைக்க வைத்தார். பிறக்கும் நேரத்திலும் இந்த அணுக்கள் கல்லீரலிலிருந்து எலும்புக்கு வழிநடையில் இருக்கின்றன. அதனால்தான் கொடியில் அகப்படுகின்றன.

முதல் ஊற்று எப்படித் திறந்தது என்று தெரிந்தால், யாரையும் கேட்காமல் பிள்ளையின் சொந்த அணுவிலிருந்தே புது ஊற்று திறக்கலாம். 2024இல் மெல்போர்ன் குழந்தைகள் ஆராய்ச்சி நிலையத்தார், கரு நிலைக்குப் பின்னோக்கித் திருப்பிய மனித அணுக்களை அந்த 27ஆம் நாள் பாதையில் நடத்தி ரத்த ஸ்டெம் செல் ஆக்கினார்கள். எலிகளில் அது வேர் பிடித்தது. மனிதருக்கு இன்னும் வரவில்லை. அதே ஆண்டு முடிவை வெளியிட்ட வேலூர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் வேறு வழியில் போனார்கள். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா கடுமையாக உள்ள ஐந்து பேரின் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, குறையாயிருந்த மரபணுவைச் சேர்த்து, அவரவருக்கே திருப்பி ஏற்றினார்கள்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் இன்றும் விடிவதற்குள் எத்தனையோ கொடிகள் வெட்டப்படும். வெட்டிய கொடியில் சொட்டும் கொஞ்ச ரத்தத்தில், பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பி எலும்பு போய்ச் சேராத அணுக்கள் சில இருக்கும். பெரும்பாலும் அவை குப்பைக் கூடைக்குப் போகின்றன. ஆயாவுக்குக் கிணறுகள் மூன்றும் தெரிந்திருந்தன. ஊற்றுக்கண் மட்டும், அது சுவரொட்டிமேல் தூவிய மிளகின் அளவில் இருந்ததால், கண்ணுக்குத் தப்பிவிட்டது.

(தொடரும்)

அடுத்த வாரம்: ரெய்னி ஆஸ்பத்திரிக்கு வித்திட்ட ஸ்காட்லாந்துப் பெண் டாக்டர்