‘முதன்முதலில் யார்?’ – அவாயில் நூல்களும் காகிதத்தின் கதையும்

பள்ளிவாசலில் முதன்முதலில் விளக்கேற்றியவர் யார்? ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் யார்? மின்னல் கண்ணில் பட்ட பின்னரே இடியோசை காதில் விழுவது ஏன்? காகிதம் முஸ்லிம்களின் கைக்கு வந்தது எப்படி? இன்றைய மாணவர்கள் இத்தகைய வினாக்களைக் கைப்பேசியில் தட்டி, அரை நிமிடத்தில் விடை பெற்றுவிடுகின்றனர். இதனைப் பயனற்ற பொழுதுபோக்கு என்று கருதி முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் நம்மில் உண்டு. நானும் நெடுங்காலம் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன்.

ஆனால் நம் முன்னோர் விட்டுச் சென்ற அரபு நூல்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். மேலே கண்ட வினாக்களுள் ஒன்றுகூடப் புதியதன்று. அவற்றைக் கேட்பதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. அவற்றுக்கென்றே தனி நூல்களும் யாத்தனர். அவர்கள் அஞ்சியது வேறொன்றை. அது எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவாயில் என்னும் நூல்வகை

‘அவ்வல்’ என்றால் முதல். அதன் பன்மை ‘அவாயில்’. ஒரு செயலை முதன்முதலில் செய்தவர் யார், ஒரு வழக்கம் எப்போது தொடங்கியது என்பவற்றைத் தொகுத்துக் கூறும் நூல்களுக்கு இதுவே பெயராயிற்று. ஹிஜ்ரி 235இல் (கி.பி. 849) மறைந்த இமாம் இப்னு அபீஷைபா (ரஹ்) தமது ‘முஸன்னஃப்’ என்னும் பெருந்தொகுப்பில் இதற்கெனத் தனிப் பகுதியையே ஒதுக்கினார். ஹதீஸ் கலை மேதை தபரானீ (ரஹ்) அவர்களுக்கும் இப்பெயரில் ஒரு நூல் உண்டு. மொழியியல் அறிஞர் அபூஹிலால் அஸ்கரீ இவ்வகையில் விரிவானதொரு நூலை எழுதினார். ஹிஜ்ரி 911இல் (கி.பி. 1505) மறைந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்) தமக்கு முற்பட்டோர் திரட்டியவற்றைச் சுருக்கியும் பெருக்கியும் ‘அல்-வஸாயில்’ என்னும் நூலை ஆக்கினார். ஆக, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுக் காலம் இவ்வகை நூல்கள் தொடர்ந்து எழுதப்பட்டன.

இந்நூல்களில் பெருஞ்செய்திகளும் சிறு செய்திகளும் அருகருகே நிற்கின்றன. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில் ஆண்டுக் கணக்கை நிலைநிறுத்திய செய்தி ஒருபுறம். பள்ளிவாசல் விளக்கு மறுபுறம். பள்ளிவாசல்களில் முதன்முதலில் விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரலி) என்னும் அறிவிப்பு இப்னுமாஜாவின் ‘ஸுனன்’ நூலில் இடம்பெற்றுள்ளது. இன்று பலராலும் பகிரப்படும் இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடரில் காலித் இப்னு இயாஸ் என்பவர் உள்ளார். அவர் பலவீனமானவர் என்பது ஹதீஸ் ஆய்வாளர்களின் தீர்ப்பு.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இச்செய்தியில் ஹலால், ஹராம் எதுவும் இல்லை. விளக்கை ஏற்றியவர் யாராயிருப்பினும் தொழுகைக்குக் குறையேதும் வாராது. ஆயினும் அதற்கும் ஒரு தொடர் கூறப்பட்டது, அத்தொடரும் எடைபோடப்பட்டது. சிறு செய்தி என்பதற்காக அதனைத் துலாக்கோலில் வைக்காமல் விட்டுவிடவில்லை.

விடைகளும் விடையின்மையும்

‘முதல்வர் யார்’ என்பதோடு ‘ஏன்’ என்னும் வினாவும் அக்கால மக்களை ஆட்கொண்டிருந்தது. பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் (மறைவு ஹி. 255 / கி.பி. 868–69) தம் காலத்து அரசு எழுத்தர் ஒருவரை எள்ளி நகையாடி ‘அத்தர்பீஉ வத்தத்வீர்’ என்னும் சிறுநூலை எழுதினார். எல்லாம் அறிந்தவராகத் தம்மைக் காட்டிக்கொண்ட அம்மனிதரை நோக்கி, வரலாறு, இயற்கை, பழங்கதை எனப் பல துறைகளிலிருந்தும் வினாக்களை அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். விடை ஒன்றும் தருவதில்லை. அறியாமையை ஒப்புக்கொள்ளாதவனுக்கு வினாவே தண்டனை என்பது போன்ற அமைப்பு அது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அபூஹய்யான் தவ்ஹீதீ தமக்கு எழுந்த ஐயங்களை மெய்யியலார் மிஸ்கவைஹிக்கு (மறைவு ஹி. 421 / கி.பி. 1030) எழுதியனுப்பினார். அவரும் விடை எழுதினார். நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட வினா விடைகள் கொண்ட அந்நூலுக்கு ‘அல்-ஹவாமில் வஷ்ஷவாமில்’ என்று பெயர். மேய்ப்பனின்றி அலையும் ஒட்டகங்கள் ஹவாமில். அவற்றை ஒன்றுதிரட்டிச் சேர்ப்பவை ஷவாமில். வினாக்களை மேய்ப்பனற்ற ஒட்டகங்களாகக் கண்டது எத்துணைப் பொருத்தம்! இரகசியம் காக்க வேண்டும் என்று எல்லோரும் வலியுறுத்தியும் அது ஏன் வெளியாகிவிடுகிறது, மின்னலுக்குப் பின் இடி கேட்பது ஏன் என்பன போன்ற அன்றாட ஐயங்கள் அதில் உள்ளன. ஓசை காற்றின் வழியே வந்து சேரக் காலம் பிடிக்கிறது என்னும் போக்கில் மிஸ்கவைஹி பின்னதற்கு விடை கூறினார்.

காண்டாமிருகக் கன்றின் கதை

எனினும் பெரியோரும் தவறான செய்தியைக் கைமாற்றிவிடக் கூடும். ஜாஹிழின் ‘கிதாபுல் ஹயவான்’ விலங்குகள் பற்றிய பெருநூல். வேடர், மீனவர், பாம்பாட்டி எனத் தொழிலறிந்தோர் சொற்களையும் கேட்டுத் திரட்டியவர் அவர். அரிஸ்டாட்டிலின் கூற்றுகளையே ஐயுற்றவர். ஆயினும் காண்டாமிருகத்தின் கன்று, பிறப்பதற்கு முன்பே தாயின் வயிற்றிலிருந்து தலையை நீட்டி மேய்ந்துவிட்டு மீண்டும் உள்ளே சென்றுவிடும் என்று மக்கள் கூறிய கதை அந்நூலில் இடம்பெற்றுவிட்டது.

வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ (மறைவு ஹி. 345 / கி.பி. 956) இதனைப் படித்தார். அவர் ஹிஜ்ரி 304இல் இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள ஸைமூருக்கு வந்தவர். காண்டாமிருகம் வாழும் நாட்டை அறிந்தவர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஸீராஃப், உமான் பகுதிகளிலிருந்து இந்தியாவுக்கு வந்துபோகும் வணிகர்களிடமும் இந்தியாவில் தாம் சந்தித்தவர்களிடமும் வினவினார். அவர்கள் அனைவரும் வியந்தனர். பசுவும் எருமையும் கன்று ஈனுவது போலவே அதுவும் ஈனுகிறது என்றனர். ஜாஹிழ் இக்கதையை எந்த நூலிலிருந்து அல்லது எவரிடமிருந்து பெற்றார் என்பது தமக்குத் தெரியவில்லை என்று மஸ்ஊதீ தமது ‘முரூஜுத் தஹப்’ நூலில் எழுதிவைத்தார். ஜாஹிழின் பெருமை அவர் கண்ணை மறைக்கவில்லை. கதையின் சுவையும் மறைக்கவில்லை.

ஸமர்கந்தும் காகிதமும்

இனி, என் சொந்தத் தவறு ஒன்றைக் கூற வேண்டும். கி.பி. 751இல் தலாஸ் ஆற்றங்கரையில் ஸியாத் இப்னு ஸாலிஹ் தலைமையிலான முஸ்லிம் படை சீனப் படையை வென்றது. சிறைப்பட்ட சீனர்களுள் காகிதம் செய்வோர் இருந்தனர். அவர்கள் வழியாகவே ஸமர்கந்தில் காகிதத் தொழில் தோன்றி உலகெங்கும் பரவியது. இதனை நான் வரலாற்று வகுப்பில் இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வந்தேன். ஒருநாள் மாணவர் ஒருவர், “உஸ்தாத், இதற்கு ஸனது என்ன?” என்று கேட்டார். எல்லா நூல்களிலும் இருக்கிறது என்றேன். “எல்லா நூல்களும் எந்த நூலிலிருந்து எடுத்தன, உஸ்தாத்?” என்றார் அவர். விடையில்லாமல் வகுப்பை முடித்தேன்.

தேடியபோது கிடைத்த விடை வியப்பளித்தது. இக்கதை பரவியதற்கு முதன்மையான ஊற்றாக இருப்பது நைஸாபூர் அறிஞர் ஸஆலிபீ (ஹி. 350–429 / கி.பி. 961–1038) எழுதிய ‘லதாயிஃபுல் மஆரிஃப்’. பத்து இயல்கள் கொண்ட அந்நூலும் சுவையான தகவல்களின் திரட்டே. அதன் முதல் இயலே ‘முதன்முதலில் செய்தவர்கள்’ பற்றியதுதான். ஊர்களின் சிறப்புகளைக் கூறும் பகுதியில் ஸமர்கந்தின் காகிதத்தைப் போற்றும்போது, முந்தைய நூலொன்றைச் சுட்டி, சீனக் கைதிகள் பற்றிய செய்தியை அவர் தருகிறார். போர் நடந்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் எழுதப்பட்ட நூல் அது. தபரீயின் பெருவரலாற்றிலோ தலாஸ் போரே கூறப்படவில்லை.

மறுபக்கச் சாட்சியும் உண்டு. தலாஸில் சிறைப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பிய தூ ஹுவான் என்னும் சீனர் தம் அனுபவங்களை எழுதினார். அவற்றுள் எஞ்சிய பகுதிகளில் முஸ்லிம் நாட்டிலிருந்த சீன நெசவாளர், பொற்கொல்லர், ஓவியர் ஆகியோரைக் குறிப்பிடுகிறார். காகிதம் செய்வோரைக் குறிப்பிடவில்லை. மேலும், 1907இல் சீனாவின் துன்ஹுவாங் அருகே ஆரல் ஸ்டைன் கண்டெடுத்த ஸுக்துமொழிக் கடிதங்கள் கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை, காகிதத்தில் எழுதப்பட்டவை. அவற்றுள் ஒன்று ஸமர்கந்துக்கே அனுப்பப்பட்டது. பஞ்சிகந்தின் ஆட்சியாளர் தேவாஷ்திச் கி.பி. 722இல் வீழ்ந்தபோது முக் மலைக் கோட்டையில் எஞ்சிய ஆவணங்கள் 1930களில் வெளிப்பட்டன. அவற்றிலும் காகிதம் உண்டு. அவர் அரபு ஆளுநர் ஜர்ராஹுக்கு எழுதிய அரபுக் கடிதமோ தோலில் எழுதப்பட்டது.

எனவே ஸமர்கந்துப் பகுதி மக்கள் தலாஸ் போருக்கு நெடுங்காலம் முன்பே காகிதத்தை அறிந்திருந்தனர். கைதிகள் சிலர் தொழிலில் பங்கு கொண்டிருக்கலாம். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே நாளில், ஒரே போரில் ஒரு தொழில் கைமாறியது என்னும் கதை நிற்கவில்லை. வணிகர்களும் எழுத்தர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்த பணியை ஒரு போர்க்களத்துக்கு உரியதாக்கிவிட்டோம்.

சொற்களும் இதனையே உணர்த்துகின்றன. குர்ஆனில் வரும் ‘கிர்தாஸ்’ என்னும் சொல்லின் மூலம் கிரேக்கம். போர்ச்சுக்கீசியர் வழியே தமிழுக்கு வந்த ‘கடுதாசி’யின் வேரும் அதுவே. ‘காகிதம்’ என்பதோ பாரசீகக் ‘காஃகஸ்’ வழியே வந்தது. அதன் வடிவம் ஸுக்துமொழியிலும் காணப்படுகிறது. நாம் அன்றாடம் வழங்கும் இரு சொற்களுக்குள் இரு பெருவழிகள் இருக்கின்றன.

நாம் கற்பது

காகிதம் பக்தாதில் ஏற்றம் பெற்றதற்கு ஒரு காரணத்தை கல்கஷந்தீ கூறுகிறார். தோலில் எழுதியதைச் சுரண்டி மாற்றிவிடலாம். காகிதத்தில் அழித்தால் தடயம் தெரிந்துவிடும். ஆகவே காகிதத்திலேயே எழுத வேண்டுமென்று கலீஃபா ஹாரூன் ரஷீத் ஆணையிட்டாராம். இன்று நம் கையிலுள்ள திரையிலோ எழுத்தை மாற்றினால் தடயமே தெரிவதில்லை. அதனால் கேட்பவரின் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

நம் முன்னோர் அஞ்சியது வினாவை அன்று, தொடரறியாத விடையை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டு வினாக்கள் கேட்கப்பட்டபோது, முப்பத்திரண்டுக்குத் தமக்குத் தெரியாது என்றே விடையளித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அவ்வாறு சொல்லும் துணிவு எனக்கு அன்றைய வகுப்பில் வரவில்லை.

அடுத்த வாரம் அதே வகுப்பில் என் தவறை எடுத்துரைத்தேன். மாணவர்கள் தம் குறிப்பேடுகளில் திருத்திக்கொண்டனர். ஆனால் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் என்னிடம் பயின்று சென்றோர் பலர் இன்று ஆசிரியர்கள். என் பெயரால் அக்கதை எத்தனை வகுப்புகளில் இன்னும் சொல்லப்படுகிறதோ! இக்கட்டுரை அவர்களுள் எவர் கண்ணிலேனும் படுமாயின், அவர்கள் தம் மாணவர்களுக்கும் இதனைச் சொல்லிவிட வேண்டுகிறேன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.