ஏறாத கார் சன்னல்: பழைய காருக்கு ‘விண்டோ கியர்’ தேடுவதும் பொருத்துவதும்

டோல் சாவடியில் டச் அண்ட் கோ அட்டையைத் தொட்டுவிட்டுச் சன்னலை ஏற்றப் பொத்தானை இழுத்தேன். கதவுக்குள் ‘கறகற’ என்று ஒரு சத்தம். கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவுக்குள்ளேயே இறங்கிவிட்டது. பின்னால் ஆரன் சத்தம், மேலே மழை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வலது தோள் முழுக்க நனைந்திருந்தது. அன்றிரவு, சன்னல் திறந்த காரை வாசலில் நிறுத்திவிட்டு அப்பாவும் நானும் மாறி மாறி எழுந்து பார்த்தோம்.

கார் அப்பாவுடையது. வயது 20-ஐத் தாண்டிவிட்டது. எஞ்சினில் குறை இல்லை, சாலை வரியும் காப்புறுதியும் கட்டியாகிவிட்டது. ஒரு சன்னலுக்காக அதை விற்கச் சொன்னால் அவர் கேட்க மாட்டார். நம் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலைமை. 1993-இல் வந்த புரோட்டோன் வீராவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் 2009 வரை உற்பத்தியில் இருந்தன. அவற்றில் கடைசியாக வந்தவற்றுக்கே இப்போது 15 வயது தாண்டிவிட்டது. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்குக் கட்டாயச் சோதனை என்று 2009-இல் அரசாங்கம் அறிவித்தது. மக்களிடையே எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டது. பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் சன்னல்களும் ஏறி இறங்கியாக வேண்டும்.

ஓட்டுநர் பக்கச் சன்னல்தான் பெரும்பாலும் முதலில் போகும். டோல், கார் நிறுத்துமிடம், காவலாளி சாவடி என்று ஒரு நாளைக்குப் பல முறை ஏறி இறங்குவது அதுதான். பின் சன்னல்களை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை.

கதவுக்குள் இருப்பது என்ன?

கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் ‘ரெகுலேட்டர்’ என்று பெயர். நம் ஊர் உதிரிபாகக் கடைகளில் ‘பவர் விண்டோ கியர்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். தமிழ் படித்தவள் என்பதால் இங்கே ஒரு சிறு திசைதிருப்பல்: ‘சன்னல்’ போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். பழந்தமிழில் அது ‘காலதர்’. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அன்றிரவு எங்கள் காரில் காற்றுக்கு வழி தாராளமாகவே இருந்தது.

இந்த அமைப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று கத்தரிக்கோல் வகை. இரண்டு இரும்புக் கைகள் குறுக்காக இணைந்திருக்கும். பல்சக்கரத்தின் ஒரு துண்டை மோட்டார் சுற்ற, கைகள் நிமிர்ந்து கண்ணாடியைத் தூக்கும். மற்றது கேபிள் வகை. செங்குத்தான தண்டவாளம், அதன்மேல் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் பிடி, அந்தப் பிடியை மேலும் கீழும் இழுக்கும் மெல்லிய எஃகுக் கம்பி, கம்பியைச் சுற்றிக்கொள்ளும் உருளை ஆகியவை சேர்ந்தது அது. கேபிள் வகை இலேசானது, மலிவானது. ஆனால், நம் வெயிலில் கதவுக்குள் வெந்து வெந்து அந்தப் பிளாஸ்டிக் பிடி நொறுங்கிப்போகும். எங்கள் காரில் உடைந்ததும் அதுதான். உள்நாட்டுக் கார்களின் பவர் விண்டோ கோப்பிக் கடைகளில் நெடுநாள் கேலிப்பொருளாக இருந்ததற்கு இந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்கும் பங்கு உண்டு.

வாங்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

பலரும் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். சன்னல் ஏறவில்லை என்றதும் ‘கியர்’ வாங்கி மாட்டுகிறார்கள். பிறகு பார்த்தால் பழுது பொத்தானில் இருக்கிறது. முதலில் சத்தத்தைக் கேளுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கலாம், பிடி உடைந்திருக்கலாம், பல் தேய்ந்திருக்கலாம். ‘கறகற’ சத்தம் வந்தால் கம்பி பிரிந்து உருளையில் சிக்குகிறது. கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தால் பிடி போய்விட்டது.

சத்தமே இல்லை என்றால் வழக்கு வேறு. பொத்தானை அழுத்தும்போது காருக்குள் எரியும் விளக்கைப் பாருங்கள். விளக்கு சற்று மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, எங்கோ இறுகிக் கிடக்கிறது என்று கொள்ளலாம். மங்கவே இல்லை என்றால் ஃபியூஸ், பொத்தான், வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள் போகும் வயர்கள், கதவைத் திறந்து மூடித் திறந்து மூடியே உள்ளுக்குள் முறிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கதவைப் பாதி திறந்து வைத்தால் சன்னல் வேலை செய்கிறது, மூடினால் செய்யவில்லை என்றால் சந்தேகம் அங்கேதான்.

பொத்தானை அழுத்திக்கொண்டே கதவின் உள்பலகையை முட்டியால் தட்டினால் சன்னல் உயிர்பெறுவது உண்டு. அப்படியானால் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். தட்டி ஓட்டலாம், எத்தனை நாளைக்கு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சன்னல் மெதுவாக முக்கி முக்கி ஏறுகிறதா? பெரும்பாலும் குற்றவாளி கியர் அல்ல, கண்ணாடி ஓடும் பள்ளத்தில் இருக்கும் ரப்பர். அது காய்ந்து இறுகினால் மோட்டார் இருமடங்கு பாரம் இழுக்கிறது. ரப்பரை விட்டுவிட்டுக் கியரை மட்டும் மாற்றினால் புதுக் கியரும் சீக்கிரம் போகும். என் பார்வையில், இந்த வேலையில் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படும் சாமான் இந்த ரப்பர்தான்.

எங்கே தேடுவது?

மூன்று வழிகள் உண்டு. நிறுவனத்தின் ஒரிஜினல் சாமான், வேறு தயாரிப்பாளரின் மாற்றுச் சாமான், கழித்துக் கட்டிய காரிலிருந்து கழற்றிய பழைய சாமான். ஒரிஜினல் கிடைத்தால் நல்லது. ஆனால், உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன மாடலுக்கு எல்லா உதிரிபாகமும் கையிருப்பில் இருக்காது. மாற்றுச் சாமான் இணையச் சந்தைகளில் சில பத்து வெள்ளிக்கே கிடைக்கிறது. தரம் கடைக்குக் கடை மாறும். வாங்கும் முன் தண்டவாளத் தகட்டின் கனத்தையும் பிடியின் பிளாஸ்டிக்கையும் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ‘மோட்டாருடன்’, ‘மோட்டார் இல்லாமல்’ என்று இரண்டு விதமாக விற்பார்கள். மோட்டார் நன்றாக இருந்தால் அதையே புதுக் கியரில் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி ‘கெடாய் போத்தோங்’. சப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ‘ஹாஃப் கட்’ கார்கள் எஞ்சினுக்கும் கியர்பாக்சுக்கும் பேர்போனவை. உள்நாட்டு மாடலின் கதவுச் சாமான் வேண்டும் என்றால் விபத்தில் நொறுங்கிய உள்ளூர்க் கார்களைப் பிரித்து விற்கும் கடைகளே சரி. அங்கே போனால் நான் சொல்லும் தந்திரம் ஒன்றுதான்: ஓட்டுநர் பக்கச் சாமான் அங்கும் தேய்ந்துதான் இருக்கும். மேசைமேல் வைத்து பேட்டரியில் இரண்டு வயர் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் ஓட வேண்டும். ஓட்டிக் காட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இனி, தவறாக வாங்கும் வழிகள். அனுபவத்தில் சொல்கிறேன், நான் முதலில் வாங்கியது தவறான பக்கம். இடது, வலது என்பது காருக்குள் முன்னோக்கி உட்கார்ந்தபடி பார்ப்பது. நம் ஓட்டுநர் பக்கம் வலது. ஆனால், வெளிநாட்டு விற்பனையாளர் ‘ஓட்டுநர் பக்கம்’ என்று போட்டிருந்தால், அவர் ஊரில் அது இடதாக இருக்கலாம். பக்கத்தைப் பெயரால் கேட்காமல் ‘வலது முன்’ என்று எழுதிக் கேளுங்கள். கடைக்காரர் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கியர் இன்னும் எங்கள் வீட்டுச் சாமான் அறையில் கிடக்கிறது.

அடுத்தது உடல் வகை. வீராவும் சத்ரியாவும் முகத்தில் உடன்பிறப்புகள். ஆனால், சத்ரியாவுக்குப் பக்கத்துக்கு ஒரே கதவுதான், அதனால் கதவு நீளம். பெயர் நெருக்கம் என்பதற்காகக் கதவுச் சாமான் பொருந்திவிடாது. ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு மோட்டாரின் செருகி மாறலாம். இரண்டு வயர் செருகி ஒன்று, அதைவிடக் கூடுதல் வயர் உள்ளது இன்னொன்று. ஒன்றுக்கு மற்றது உதவாது. பாதுகாப்பான வழி, பழையதைக் கழற்றி, அதில் ஒட்டியிருக்கும் எண்ணையும் திருகு ஓட்டைகளையும் செருகியையும் படம் எடுத்து, அதைக் காட்டி வாங்குவதுதான். அதுவரை காருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கண்ணாடியைக் கையால் மேலே தூக்கி, கதவு விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் ஆப்பு ஒன்றைச் செருகி நிறுத்தலாம். நாங்கள் இரண்டு வாரம் அப்படித்தான் ஓட்டினோம்.

பொருத்தும் வேலை

பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். ஒரு மதியம் பிடிக்கும். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். கைப்பிடிக்குப் பின்னாலும் கைச்சாய்வுக்கு அடியிலும் மறைந்திருக்கும் திருகுகளை எடுத்த பிறகு, உள்பலகையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளைத் துணி சுற்றிய தட்டையான கருவியால் ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். பழைய கிளிப்புகளில் நான்கைந்து உடையும். புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கையால் சுற்றும் சன்னல் என்றால், கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியைக் கொடுத்து இருபுறமும் மாறி மாறி இழுத்தால் அதைப் பிடித்திருக்கும் கம்பி வளையம் தெறித்து வரும்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீரைக் காருக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். அவசரத்தில் வேலை செய்யும் சிலர் அதை ஒட்டாமலே மூடிவிடுவார்கள். அடுத்த மழைக்கே தரைவிரிப்பு நனையும், சில மாதங்களில் பொத்தானும் ஒலிபெருக்கியும் போகும். வெயிலில் சற்றுக் காயவிட்டால் பசை இளகி முழுதாக உரியும். கதவு திறந்திருக்கும்போதே அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளையும் குச்சியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள்.

கண்ணாடியை மேலே நிறுத்திப் பிடிக்கவேண்டும். இணையக் காணொளிகளில் பசைநாடா ஒட்டச் சொல்வார்கள். சாயத்தாள் ஒட்டிய கண்ணாடியில் உள்பக்கம் அதைச் செய்தால் சாயத்தாளும் சேர்ந்து உரியும். ரப்பர் ஆப்பு போதும், அல்லது வெளிப்பக்கம் உறிஞ்சுபிடி வைக்கலாம். பிறகு கண்ணாடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், அடுத்து கியரைக் கதவோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகள். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் சாக்கெட் போதும். கடைசியில் மோட்டாரின் செருகியைப் பிடுங்கி, கியரைச் சாய்த்து, பெரிய ஓட்டை வழியே வெளியே எடுக்கலாம். எங்கள் கதவில் இந்தச் சாய்க்கும் வேலைக்கே அரைமணி நேரம் போனது.

ஓர் எச்சரிக்கை. கத்தரிக்கோல் வகையில் சுருள்வில் இருந்தால், மோட்டாரைக் கழற்றிய கணமே இரும்புக் கைகள் வேகமாகப் பாயும். விரல் நடுவில் இருந்தால் நிலைமை மோசம். மோட்டாரைக் கழற்றும் முன் பல்சக்கரத் துண்டை ஓட்டையில் போல்ட் கொடுத்தோ கிளாம்ப் போட்டோ அசையாமல் பூட்டுங்கள். நம்பிக்கை இல்லை என்றால் அந்த ஒரு வேலையைப் போர்மனிடம் விட்டுவிடலாம்.

புதுக் கியரை உள்ளே வைத்ததும் எல்லா போல்ட்டையும் இறுக்கிவிடாதீர்கள். கையால் முடுக்கி நிறுத்தி, பேட்டரியை இணைத்து, கண்ணாடியை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். கண்ணாடி தன் பள்ளத்தைத் தானே தேடி நேராகும். முழுதாக மேலே ஏறிய நிலையில் இறுக்கினால் கோணல் வராது. நான் முதல் தடவை அவசரப்பட்டு இறுக்கிவிட்டு, கண்ணாடி மேல்மூலையில் உரசவே மறுபடியும் தளர்த்த வேண்டியதாயிற்று.

எண்ணெய் விஷயத்திலும் தவறு நடக்கிறது. இரும்புத் தண்டவாளத்துக்கு வெள்ளை கிரீஸ், ரப்பர் பள்ளத்துக்கு சிலிக்கோன் தெளிப்பான். எஞ்சின் எண்ணெயோ சாதாரண கிரீசோ ரப்பரில் பட்டால் அது உப்பி, ஒட்டும் தன்மைக்கு வந்து, வியாதி முன்பைவிட அதிகமாகும். ஆண்டுக்கு இரண்டு முறை சிலிக்கோன் தெளித்தால் போதும்.

பழைய கியரை இரும்புக் கடைக்குப் போடும் முன் அதன் பக்கங்களையும் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்பாவின் காரில் இடது முன் சன்னல் இப்போது முக்க ஆரம்பித்திருக்கிறது. இந்த முறை முதலில் ரப்பரைத்தான் வாங்கப்போகிறோம்.