மதிலும் மாந்தரும்

பொருள் சேரும் இடத்தில் காவலும் சேரும். மதுரையின் அங்காடிகளை விரித்துரைக்கும் மதுரைக்காஞ்சி, மழை பெய்யும் நள்ளிரவிலும் துஞ்சாது கள்வரைத் தேடித் திரிந்த ஊர்க்காவலரையும் மறவாது பாடுகின்றது. வாணிகமும் காவலும் இணைபிரியாதவை என்பதைப் பழந்தமிழர் நன்குணர்ந்திருந்தனர்.

பேராக் மாநிலத்தில் இவ்வரலாறு ஈயத்தோடு தொடங்குகிறது. லாருட் சுரங்கங்களைப் பற்றிய பூசல் முற்றியபோது, 1873இல் கேப்டன் ஸ்பீடி இந்தியாவிலிருந்து சிப்பாய்களைத் திரட்டிக் கொணர்ந்தார். அவ்வழி வந்த படையே 1896இல் ‘மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்’ எனப் பெயர் பெற்றது. பஞ்சாபியர் பலர் தனியார் காவற்பணியிலும் அமர்ந்தனர். வங்கி வாயிலிலும் கிடங்கு முகப்பிலும் கயிற்றுக் கட்டிலிட்டு இரவெல்லாம் காத்திருந்த அவர்களை, ‘ஜாகா’ என்னும் மலாய்ச் சொல்லால் மக்கள் அழைத்தனர்.

ஈயம் உள்நாட்டை வளர்த்ததுபோல, ரப்பரும் தென்னையும் கீழ்ப்பேராக்கை வளர்த்தன. ‘குறுக்கே கிடக்கும் காடு’ என்று பொருள்படும் ஹுத்தான் மெலிந்தாங், பெர்ணம் ஆற்றையொட்டிய சிற்றூராகும். 1906இல் டென்மார்க் நாட்டவரான வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது. இத்தகைய சிற்றூர்க் கடைவீடுகளில் கூலிக்காவலர் அரியர். கீழே பலகைக் கதவைத் தாழிட்டு, மேல்மாடியில் குடும்பத்தோடு உறங்கிய கடைக்காரரே காவலரும் ஆவார். அண்டை வீட்டாரின் விழிப்பு அவருக்குத் துணைநின்றது.

இந்நிலையை அவசரகாலம் மாற்றியது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்கத் தனிக்காவலர் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தையொட்டித் தோட்ட லயன்களும் முள்வேலிக்குள் ஒடுக்கப்பட்டன. காட்டிலிருந்தோருக்கு உணவு சென்று சேராதபடி, வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். தோட்டத்தின் செல்வத்தை உண்டாக்கியவரே ஐயத்துக்கும் உள்ளாயினர். காப்பதற்கென்று எழுந்த வேலி அடைத்து வைக்கவும் செய்தது. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது.

1971இல் இயற்றப்பட்ட தனியார் முகவாண்மைச் சட்டம், காவல் நிறுவனங்கள் உரிமம் பெறவேண்டும் என விதித்தது. இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை எழுந்தது. பிழைப்புத் தேடி நகர் புகுந்த தமிழருள் சிலர் வங்கிகளிலும் பேரங்காடிகளிலும் சீருடை அணிந்த காவலராயினர். அன்று வேலிக்குள் சோதிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இன்று பிறருடைய வாயிலைக் காக்கின்றனர். 2013இல் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தபோது, தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளியாகவே இருந்தது.

இன்றைய வணிகக் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமராவும் எச்சரிக்கை மணியும் பெருகியுள்ளன. ஆயினும் கேமரா கண்டதை உணர்ந்து எழுந்து ஓடுபவன் மனிதனே. எத்துணை மாட்சியுடைய அரணும், செயல்திறம் வாய்ந்த மாந்தரில்லையேல் அரணாகாது என்பது வள்ளுவர் கண்ட முடிவு. அம்மாந்தரின் ஓய்வையும் ஊதியத்தையும் மதிப்பையும் பேணுதலே காவல் மேலாண்மையின் முதற்பாடமாகும்.