ஆற்றோடு போன இரும்பு

திருவானைக்காவுக்கு வடபுறம் ஓடும் கொள்ளிடத்தில், 1830ஆம் ஆண்டுக்குப் பின்னர் சில காலம், ஒரு விசித்திரமான சரக்கு மிதந்து சென்றது. சேலத்துக் கஞ்சமலையில் வெட்டியெடுத்த இரும்புத்தாதுவைக் கட்டைவண்டிகளில் சங்ககிரிப் பக்கத்துக் காவேரிக் கரைக்குக் கொண்டுவந்து, பரிசல்களில் ஏற்றி, முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் கொள்ளிடத்தின் வழியே திருப்பி, கடலோரத்துப் பரங்கிப்பேட்டையில் ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் நிறுவியிருந்த உருக்காலைக்குச் சேர்ப்பித்தார்கள். ஜம்புகேசுவரரையும் அரங்கநாதரையும் தாங்கி நிற்கும் தீவின் ஓரமாக அந்தக் கறுத்த கல் போயிற்று. பரங்கிப்பேட்டையில் அது வார்ப்பிரும்பாகிக் கப்பலேறி ஷெபீல்டு நகரத்தை அடைந்து, அங்கே கத்தியாகவும் அரமாகவும் உருமாறியது. அக்கத்திகளில் சில மறுபடி கப்பலேறி, திருச்சிராப்பள்ளிக் கன்டோன்மென்ட்டில் வசித்த துரைமார்களின் சாப்பாட்டு மேசைக்கே வந்திருக்கலாம் என்று நினைக்க எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு.

ஏனெனில் நல்ல கத்திக்கு வேண்டிய உருக்கு இந்தப் பிராந்தியத்துக்குப் புதிதல்ல. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், சங்க காலத்திலேயே அங்கே இரும்பையும் உருக்கையும் காய்ச்சினார்கள் என்பதற்குரிய உலைகளும் மூசைகளும் வெளிப்பட்டன. பூகர்ப்ப சாஸ்திரிகளான கிங்கும் புரூஸ் பூட்டும் 1864இல் வெளியிட்ட அறிக்கையில் தலமலை, கொல்லிமலை, கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை முதலியவற்றின் காந்தக்கல் படிவங்கள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. இவற்றில் தலமலை நம் திருச்சி ஜில்லாவின் முசிறிப் பக்கத்தது. 1910இல் நாமக்கல் தாலூகாவே திருச்சி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டு 1929 வரை இருந்தது. ஆகவே நம்மவர் அந்த மலைகளுக்கு உரிமை கொண்டாடினால் அதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

இந்தப் பிராந்தியத்து உருக்கைச் செய்த விதத்தை ஹீத்தே 1839இல் விவரமாக எழுதிவைத்தார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உலர்ந்த ஆவாரங் குச்சிகளோடு ஒரு மண் மூசையில் இட்டு, மேலே ஓரிரண்டு எருக்கிலைகளை மூடி, வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் பூசி உலர்த்துவார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கிக் கரியால் மூடி, ஆட்டுத்தோல் துருத்தியால் சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளே ஒரு வட்டமான உருக்குக் கட்டி; மேற்புறம் வழுவழுப்பாக, நடுவிலிருந்து கதிர் பாய்ந்தாற்போல வரி ஓடியிருந்தால் காய்ச்சல் சரி, மேடு பள்ளமாக இருந்தால் இரும்பு முழுதும் உருகவில்லை. ஆவாரமும் எருக்கும் தந்த கரியை இரும்பு உறிஞ்சிக்கொண்டதே இதன் ரகசியம். இரசாயன நூலை வாசிக்காத அந்த உலைக்காரர், கரி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் ஏறிய உருக்கை, இலையையும் குச்சியையும் கண்ணால் மதித்தே உண்டாக்கினார்.

இந்தக் கட்டிகள் 1794இல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு, ராயல் சொஸைட்டித் தலைவர் ஜோசப் பாங்க்ஸிடம் போய்ச் சேர்ந்தபோது, ஐரோப்பியக் கருமான்கள் திகைத்தார்கள். அவர்கள் தங்கள் வழக்கப்படி வெண்சூடு வரக் காய்ச்சி அடித்தால் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. மங்கிய சிவப்பில், பொறுமையாகத் தட்ட வேண்டிய பண்டம் அது. அந்தப் பொறுமையைக் கற்றவர்களுள் ஒருவர் லண்டன் ஸ்ட்ராண்டு வீதியில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட். ரண சிகிச்சைக் கத்திகளும் பேனாக்கத்திகளும் செய்து விற்ற அவர், பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இந்திய உருக்கே மேல் எனத் தம் கடை விளம்பரச் சீட்டிலேயே அச்சிட்டார். மைக்கேல் பாரடே இளைஞராயிருந்தபோது அவரோடு கூடியே அந்த உருக்கை ஆராய்ந்தார்.

ஆனால் இந்தப் புகழைக் கேட்டு, நம் ஊர்க் கத்தியெல்லாம் அந்த உருக்கால் ஆனது என்று நினைத்துவிடக் கூடாது. உயர்ந்த உருக்கு விலை மிகுந்தது. அதிலும் முக்கியமாக, முறிவது. வாழைத் தோட்டத்து அரிவாளுக்கோ பனையேறியின் பாளைக் கத்திக்கோ அது பொருந்தாது என்பதைக் கொல்லர் நன்கு அறிவார். ஆகையால் அவர் முதுகை மெதுவான இரும்பால் செய்து, வாயில் மட்டும் ஒரு கீற்று உருக்கை வைத்துப் பற்றவைப்பார். அடி வாங்குவது இரும்பின் வேலை, அறுப்பது உருக்கின் வேலை. எந்த வேலைக்கு எந்த உலோகம் என்ற இந்த விவேகமே கத்தித் தொழிலின் சாரம் என்பது என் அபிப்பிராயம். உருக்கின் பெருமை அதற்கு அடுத்தபடிதான்.

முழு அலகையும் உயர்ந்த உருக்கால் செய்விக்க வசதியுள்ளவர்கள் யுத்தம் செய்கிறவர்களும் வேட்டையாடுகிறவர்களுமே. இவர்களில் முதல் கூட்டத்தின் கதை ஸ்ரீரங்கம் தீவிலேயே ஓரளவு முடிந்தது. 1752இல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபின் படையும் ஸ்ரீரங்கம், திருவானைக்கா என்னும் இரு கோயில்களையும் கோட்டையாக்கிக்கொண்டு முற்றுகையில் அகப்பட்டு ஜூன் மாதத்தில் பணிந்தன; 1801 ஜூனில் மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அந்தப் போர்கள் அடங்கியதும் கிழக்கிந்தியக் கம்பெனியார் பாளையக்காரரின் ஆயுதங்களைப் பறித்தார்கள், 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. ஷெபீல்டின் மலிவான சரக்கு மூசை உருக்கைக் கொன்றது என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் வாங்குகிறவனின் கையிலிருந்து வாளைப் பிடுங்கியதும் அந்த அளவுக்குக் காரணம் என்றே நான் கருதுகிறேன். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலைக்கு நேர்ந்த கதி இதற்குச் சாட்சி. 1855இல் சிவாஜி மகாராஜா ஆண் வாரிசின்றி மறைந்த பின், அங்கே குவிந்துகிடந்த வாள்களிலும் கட்டாரிகளிலும் தேர்ந்தெடுத்த சிலவற்றைச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியவற்றை 1863இல் உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற சிவில் அதிகாரி அந்தச் சம்பவத்தைப் பின்னர் எழுதிவைத்தார். தப்பிய கட்டாரிகளில் பலவற்றின் அலகு ஐரோப்பியம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; உருக்குக்குப் பேர்போன நாட்டின் ராஜா சீமை அலகைக் கௌரவமாகக் கருதியிருக்கிறார்.

வேட்டைக்காரர் தயவில் மட்டும் தொழில் சற்றுக் காலம் தாக்குப்பிடித்தது. சேலத்தில் அருணாசலம் என்ற ஆசாரி செய்த பன்றிக்குத்தீட்டிகளையும் வேட்டைக் கத்திகளையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஷிகாரிகள் தேடி வாங்கினார்கள். தம் பெயரையும் ஊரையும் இங்கிலீஷ் எழுத்தில் அலகில் பொறித்துத் தந்த தமிழ்க் கொல்லர் அவர். எத்தனையோ தலைமுறைகளாகப் பெயரில்லாமல் வேலை செய்த ஒரு வர்க்கத்தில் அது சிறு காரியமல்ல.

இனி, பிடி. கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அலகைப் பற்றியே பேசுகிறார்கள். கத்தியைப் பிடித்து நாள் முழுதும் வேலை செய்கிறவனைக் கேட்டால் பிடியைப் பற்றித்தான் பேசுவான். தந்தப் பிடி அரண்மனைக்கு அழகு, ஈரக் கையில் வழுக்கும். எருமைக் கொம்பு நல்ல பளபளப்பு ஏற்கும், வெயிலில் செதில் விடும். மிளா என்றும் கடமான் என்றும் சொல்லும் மானின் கொம்பு, மேற்புறம் சொரசொரப்பாக இருப்பதால் இரத்தம் தோய்ந்த கையிலும் நிற்கும். அதனால்தான் வேட்டைக் கத்திக்கு அதை விரும்பினார்கள், ஷெபீல்டுக்கே இந்தியாவிலிருந்து அது மூட்டை மூட்டையாகப் போயிற்று. 1998இல், தானே உதிர்ந்த கொம்பின் வியாபாரமும் நம் நாட்டில் நிறுத்தப்பட்டதிலிருந்து அந்த அத்தியாயம் முடிந்தது. அது முடிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

குடியானவனுக்கு இவை ஒன்றும் தேவைப்படவில்லை. காவேரிக் கரையில் வாய்க்கால் தோறும் நிற்கிற பூவரசு, நீரில் ஊறினாலும் வெடிக்காது, கைக்கு மெத்தென்று இருக்கும். அதிர்ச்சி தாங்க வேண்டிய வெட்டரிவாளுக்குக் கருவேலம். தேக்கு நீளவாக்கில் பிளக்கும். கருங்காலி உலக்கைக்கு உகந்தது, கத்திப் பிடிக்குக் கனம். மரத்தைத் துளையிட்டு, அரக்குப் பொடியை உள்ளே இட்டு, அலகின் வாலைச் சிவக்கக் காய்ச்சிச் சொருகினால், அரக்கு உருகிப் பாய்ந்து ஆறியதும் இறுகிவிடும். முனையில் பித்தளைப் பூண் ஒன்று. ஆணி இல்லை, திருகு இல்லை. கொதிநீரில் கழுவினால் மட்டும் அரக்கு இளகிப் பிடி ஆடும். பழைய வீடுகளில் அரிவாள்மனையையும் கத்தியையும் தண்ணீரில் அலசித் துடைத்துச் சார்த்தி வைத்ததற்கு, துருவைத் தவிர இதுவும் ஒரு முகாந்திரம்.

ஹீத்தின் கதை சோகமாக முடிந்தது. உருக்கில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் அவர் பேடன்ட் பெற்றார். ஷெபீல்டு முதலாளிகள் அதைச் சற்றே மாற்றிக் கையாண்டு செல்வம் சேர்க்க, அவர் வழக்காடியபடியே 1851இல் இறந்தார், வழக்கும் பின்னால் எதிராகவே தீர்ந்தது. நம் திருச்சியிலோ 1928இல் பொன்மலையில் ரயில்வே தொழிற்சாலை எழுந்தது. பிறகு லாரிகள் பெருகின. அவற்றிலிருந்து கழித்துப் பழைய இரும்புக் கடைக்கு வந்த பட்டைவில்லே கொல்லருக்குப் புதிய மூலப்பொருளாயிற்று. கரி நூற்றுக்கு அரைப் பங்கிற்குச் சற்று மேல் உள்ள அந்தப் பட்டை, முறியாமலும் மழுங்காமலும் நடுத்தரமாக நிற்கும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் அதுவே. தேய்ந்த அரத்தில் கரி அதிகம், சிறு கத்திக்கு ஏற்றது. எது எது என்று அறிய அவர் சாணைக்கல்லில் ஒரு முறை தேய்த்துப் பொறியைப் பார்ப்பார்: நெடுங்கோடாக ஓடினால் வெறும் இரும்பு, பூவாகக் கிளைத்துச் சிதறினால் உருக்கு. தோய்ச்சல் போட்டபின் மறுபடி சூடு காட்டி, வாயில் வைக்கோல் நிறம் படர்ந்ததும் நிறுத்துவார். நீலம் வரை விட்டால் அது வில்லாகும், கத்தியாகாது.

1913இல் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி கண்ட துருப்பிடியா உருக்கு, 1980களின் தொடக்கத்தில் சேலத்திலேயே தகடாக உருளத் தொடங்கியது. அதில் பாத்திரத்துக்கு ஆகும் எவர்சில்வர் தோய்ச்சலுக்கு இணங்காது என்பதால் கத்திக்கு உதவாது. கத்திக்கென வேறு இனம் இருக்கிறது, கடைக்காரரைக் கேட்டே வாங்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம் மட்டும். பரணிலோ பூஜையறையிலோ தாத்தா காலத்துக் கத்தியோ வாளோ கிடந்து, அதில் சேலம் என்ற முத்திரையோ அலகில் நீர் ஓடியது போன்ற வரிகளோ தெரிந்தால், தயவுசெய்து அதை மின்சாரச் சாணையில் கொடுக்காதீர்கள். அந்த வரி தேய்ந்துவிடும். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.