யங் ஃபிராங்கன்ஸ்டைன்: பேரன் மீட்டுத் தந்த பேச்சு

இளங்கலை மாணவர்க்கு அங்கதம் பற்றிப் பாடம் நடத்தும்போது நாம் நெடுங்காலம் ஒரு கருத்தைச் சொல்லி வந்தோம். பகடி என்பது புல்லுருவி போன்றது. மூலம் ஒன்று இருந்தால்தான் அதற்கு வாழ்வு. அந்த மூலத்தைச் சிறுமைப்படுத்துவதே அதன் தொழில். ஆதலின் அது இரண்டாந்தர இலக்கியம். பாடக் குறிப்பேட்டிலும் அவ்வாறே எழுதி வைத்திருந்தோம். அந்தக் குறிப்பை அடித்துத் திருத்த நேர்ந்தது தமிழ் நூல் எதனாலும் அன்று. 1974ஆம் ஆண்டு திசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படத்தால். மெல் ப்ரூக்ஸ் இயக்கிய 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' அது.

படத்தின் சிறப்பை உணர அதன் பாட்டனையும் பூட்டியையும் முதலில் அறிதல் வேண்டும். பூட்டி, மேரி ஷெல்லி. 1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் பேய்க்கதைப் போட்டியாகத் தொடங்கி, 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த நாவல் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன் உயிரற்ற உறுப்புகளைச் சேர்த்து ஓர் உடலுக்கு உயிரூட்டுகிறான். அது கண் திறந்த கணத்திலேயே அருவருத்து ஓடிவிடுகிறான். பெற்றவன் கைவிட்ட பிள்ளையின் கதை அது. (படைத்தவன் பெயர்தான் ஃபிராங்கன்ஸ்டைன், படைக்கப்பட்டதற்குப் பெயரே இல்லை. பெயரிடக்கூட அங்கே ஒருவரும் நிற்கவில்லை.)

அந்தப் படைப்பை அஃறிணையில் சுட்டுவதா உயர்திணையில் சுட்டுவதா என்னும் இடர்ப்பாடு தமிழில் எழுதுவோர்க்கு உண்டு. திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்கள் 'பூதம்' என்று சொல்லி 'அது' என முடிப்பர். நாவலைப் படித்தவர்க்கு அப்படி எழுதக் கை வராது. ஏனெனில் நாவலில் அவன் பேசுகிறான். அதுவும் கற்றோர் வியக்கப் பேசுகிறான். ஒரு குடிசையின் சுவரிடுக்கு வழியே உள்ளே வாழும் குடும்பத்தைப் பார்த்தும் கேட்டும் மொழி பயில்கிறான். மில்டனின் 'இழந்த சொர்க்கம்' படிக்கிறான். ஆல்ப்ஸ் மலைப் பனிவெளியில் தன்னைப் படைத்தவனை எதிர்கொண்டு, பல அதிகாரங்கள் நீளத் தன் துயரைத் தானே எடுத்துரைக்கிறான்.

திரை அந்தப் பேச்சைப் பறித்துக்கொண்டது. 1931இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் போரிஸ் கார்லாஃப் பூதமாக வந்தார். ஜாக் பியர்ஸ் அவருக்கு இட்ட ஒப்பனையே, தட்டையான உச்சந்தலை, கழுத்தில் உலோக முனைகள் என, இன்றும் உலகம் அறிந்த உருவம். தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டுமே இருந்தது. நடிப்பு அபாரமானது, ஐயமில்லை. ஆனால் உறுமலும் முனகலும் தவிர அவருக்குச் சொல் இல்லை. 1935இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகள்' படத்தில் சில சொற்கள் மட்டும் கொடுத்தார்கள். கார்லாஃப் அதையும் விரும்பவில்லை. 1939இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைனின் மகன்' படத்தில் மீண்டும் ஊமையாக்கினார்கள். 1943இல் பூதமும் ஓநாய் மனிதனும் சந்திக்கும் படத்தில் நடந்ததோ விநோதத்திலும் விநோதம். பூதமாக நடித்த பெலா லுகோசிக்கு வசனம் எழுதப்பட்டது, படமாக்கவும்பட்டது. வெளியீட்டுக்கு முன் அவ்வளவும் வெட்டி நீக்கப்பட்டது. 1948இல் அபட், காஸ்டெல்லோ என்னும் நகைச்சுவை இரட்டையரோடு அந்தப் பூதத்தை ஓடவிட்டு யுனிவர்சல் கடையைக் கட்டியது. அதையும் பகடி என்பர். அது நகைச்சுவை நடிகர்களின் படத்தில் பூதங்கள் விருந்தாட வந்தமை மட்டுமே என்பது நம் எண்ணம்.

1957இல் இப்பழம்படங்கள் ஐம்பத்திரண்டைத் தொகுத்து அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றார்கள். திரையரங்கில் பெற்றோர் அஞ்சியவற்றைப் பிள்ளைகள் நள்ளிரவில் வீட்டுக் கூடத்தில் பார்த்தார்கள். 1970களில் ஒரு பகடி பிறப்பதற்குரிய முதற்கட்டாயம், அதாவது மூலம் எல்லார்க்கும் மனப்பாடமாக இருத்தல், இவ்வாறு நிறைவேறியது.

கரு, நடிகர் ஜீன் வைல்டருடையது. மஞ்சள் தாளில் தலைப்பை எழுதிவைத்துக்கொண்டு, அக்குடும்பத்தின் வாரிசு ஒருவன் இக்காலத்தில் இருந்தால் என்ன ஆவான் என்று எண்ணத் தொடங்கியதாகத் தம் வாழ்க்கை நினைவுகளில் அவர் கூறியுள்ளார். ப்ரூக்ஸோடு சேர்ந்து திரைக்கதையை முடித்தார். ப்ரூக்ஸ் திரையில் தோன்றக் கூடாது என்பது வைல்டர் விதித்த நிபந்தனை. ப்ரூக்ஸும் ஒப்புக்கொண்டு, ஓநாயின் ஊளைக்கும் பூனையின் அலறலுக்கும் குரல் கொடுத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார்!

முதலில் ஒப்புக்கொண்ட கொலம்பியா நிறுவனத்தோடு முறிவு வந்தது. செலவுத் தொகையில் இழுபறி ஒருபுறம். கறுப்பு-வெள்ளையில்தான் எடுப்பேன் என்ற ப்ரூக்ஸின் பிடிவாதம் மறுபுறம். அவர் இணங்கவில்லை. படம் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்குப் போயிற்று. இந்தப் பிடிவாதத்தில்தான் படத்தின் அடிப்படை இருக்கிறது. ஒளிப்பதிவாளர் ஜெரால்ட் ஹிர்ஷ்ஃபெல்ட் 1930களின் நிழலையும் புகையையும் அப்படியே கொணர்ந்தார். ஒரு காட்சி வட்டமாகச் சுருங்கி மறைதல், அடுத்தது திரையைத் துடைத்துக்கொண்டு வருதல் முதலிய பழைய உத்திகள் யாவும் உண்டு. ஜான் மாரிஸின் இசை எங்கும் கிச்சுகிச்சு மூட்டவில்லை; மெய்யான அச்சப்படத்துக்குரிய இசை. நடிப்போர் மட்டுமே பித்தர். அவர்களைச் சூழ்ந்த உலகம் முழுத் தீவிரத்தோடு இருக்கிறது.

இன்னொரு செய்தி நம்மை நெகிழச் செய்வது. 1931 படத்தின் ஆய்வுக்கூடத்தில் பொறி பறக்கும் மின்கருவிகளை உருவாக்கியவர் கென்னத் ஸ்டிரிக்ஃபேடன். அப்படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் கழிந்து ப்ரூக்ஸின் குழுவினர் அவரைத் தேடிச் சென்றபோது, அக்கருவிகளை அவர் தம் வீட்டு வண்டிக் கொட்டகையில் காத்து வைத்திருந்தார். பகடிப் படத்தில் மின்னலை உண்டாக்குவன மூலப் படத்தின் அதே கருவிகள். இம்முறை அவர் பெயரும் நன்றியோடு திரையில் வந்தது. ஏளனம் செய்ய வந்தவர்கள் செய்யும் செயலா இது?

கதைக்கு வருவோம். ஃபிரெடரிக், அமெரிக்காவில் மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியன். தன் பாட்டனின் பெயரால் நாணி, குடும்பப் பெயரை 'ஃபிரான்கன்ஸ்டீன்' என்று திரித்து உச்சரிப்பவன். மாணவன் ஒருவன் வகுப்பில் பாட்டனைப் பற்றி விடாமல் கேட்க, மூதாதையின் ஆய்வு வெறுங்குப்பை என்று கத்தி, கையிலிருந்த அறுவைக் கத்தியைத் தன் தொடையிலேயே குத்திக்கொள்கிறான். (விடாக்கேள்வி கேட்கும் மாணவர்கள் வாய்த்த எவர்க்கும் இக்காட்சி புரியும்.) சொத்தின் பொருட்டு டிரான்சில்வேனியா போகிறான். அவ்வூர் டிராகுலா கதைக்கு உரியது. மேரி ஷெல்லியின் நாவலில் அதற்கு இடமே இல்லை. தலைமுறைகளின் நினைவில் எல்லாப் பேய்ப்படங்களும் ஒன்றாய்க் குழம்பிக் கிடப்பதை இந்த ஒரு தவற்றால் படம் காட்டிவிடுகிறது. அங்கே வரவேற்க வரும் கூனன் இகோர், 'உங்கள் பெயர் அப்படியானால் என் பெயர் ஐகோர்' என்கிறான். மார்ட்டி ஃபெல்ட்மனின் அந்தப் பிதுங்கிய விழிகளும், காட்சிக்குக் காட்சி தோள் மாறும் கூனலும்! கூனலை இடம் மாற்றியது அவர் யாரிடமும் சொல்லாமல் தாமே செய்த குறும்பு.

பழைய படங்களை அறிந்தவர்க்கு ஒவ்வொரு காட்சியும் இரட்டைச் சுவை தரும். ஆய்வாளர் கெம்ப்பின் மரக்கை 1939 படத்துக் காவல் அதிகாரியிடமிருந்து வந்தது. 1931 படத்தில் ஏரிக்கரையில் பூ எறிந்து விளையாடும் சிறுமியைப் பூதம், அவளும் மிதப்பாள் என்றெண்ணி நீரில் வீசிவிடுகிறது. வீசும் பகுதியைத் தணிக்கை வெட்டியது; முழுக்காட்சி 1980களில்தான் மீண்டது. வெட்டியதால் பூதத்தின் அறியாமை மறைந்து, அவன் ஏதோ பெருங்கொடுமை செய்தான் என்ற ஐயமே எஞ்சியது. 1974 படத்தில் சிறுமி கிணற்றில் பூ எறிகிறாள். எறியப் பூ இல்லை. இனி எதை எறியலாம் என்று கேட்கிறாள். பூதம் நம்மை ஒருமுறை பார்க்கிறது. அந்தப் பார்வையில் நாற்பது ஆண்டுத் திரைவரலாறு அடங்கும். பின் இருவரும் ஏற்றப்பலகை ஆட, அவள் பறந்துபோய்ச் சன்னல் வழியே தன் படுக்கையில் பத்திரமாக விழுகிறாள்.

பார்வையற்ற துறவியின் காட்சி மூன்றாம் தலைமுறை. நாவலில் அவர் குடிசையில் வாழும் முதியவர் டி லேசி. முகம் காணாததால் அன்பாகப் பேசும் ஒரே மனிதர். 1935 படத்தில் வயலின் வாசிக்கும் துறவி. பூதத்துக்கு உணவும் 'நண்பன்' என்னும் சொல்லும் தருகிறார். 1974இல் ஜீன் ஹேக்மன், வெளியீட்டின்போது பட்டியலில் பெயரின்றி, நடித்தார். சுடுசூப்பைப் பூதத்தின் மடியில் ஊற்றுகிறார். சுருட்டென்று எண்ணிக் கட்டைவிரலைப் பற்றவைக்கிறார். நாம் வயிறு நோகச் சிரிக்கிறோம். ஆயினும் பூதம் ஓடியபின், காப்பி தர இருந்தேனே என்று அந்தத் தனியர் பின்னால் கூவும்போது 1935இன் துயரம் குறையாமல் அங்கே நிற்கிறது.

தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை வைத்தார். தான் பிறரை எள்ளுதலோடு பிறரால் தான் எள்ளப்படுதலையும் பேராசிரியர் அதன் உரையில் சேர்ப்பார். இந்தப் படத்தில் எள்ளப்படுபவன் பெரும்பாலும் பூதம் அன்று, ஃபிரெடரிக்கே என்பதைக் கவனித்தல் வேண்டும். பீட்டர் பாயிலின் பூதத்தை ஊரார் வெறுப்பர், கதை வெறுப்பதில்லை.

அதற்குச் சான்று நிலவறைக் காட்சி. பூதத்தோடு தன்னை அறையில் அடைக்கச் சொல்கிறான் ஃபிரெடரிக். என்ன கதறினாலும் திறக்கக் கூடாது என்று ஆணையிடுகிறான். கதவு சாத்தியதும் திறக்கும்படி கதறுகிறான். ஆணைப்படி எவரும் திறக்கவில்லை. வேறு வழியின்றித் திரும்பி, வணக்கம் அழகா என்கிறான். நயப்பாய்த் தொடங்கியது மெல்ல மெய்யாகிறது. உன்னை வெறுக்கிறார்களே, அது பொறாமை. நீ தீயவன் அல்லன், நல்லவன் என்கிறான். பூதம் விம்முகிறது, மடியில் சாய்த்துத் தேற்றுகிறான். நாவலின் விக்டர் ஓடினான். 1931இன் மருத்துவரோ, தம் கூன் உதவியாளன் தீப்பந்தத்தால் பூதத்தை வதைக்க விட்டுவிட்டார். யுனிவர்சல் வரிசை முழுதும் நிகழாத ஒன்று, பெற்றவன் பிள்ளையைத் தழுவுதல், பகடியில் நிகழ்கிறது. அக்கணமே ஃபிரெடரிக் எழுந்து, தன் பெயர் ஃபிராங்கன்ஸ்டைன் என்று, திரிக்காத உச்சரிப்பில், முழங்குகிறான். பிள்ளையை ஏற்றவனுக்குப் பாட்டனையும் ஏற்க முடிந்துவிட்டது.

பூதத்துக்குக் கோட்டும் தொப்பியும் அணிவித்து மேடையில் ஆடவைக்கும் காட்சியைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். எல்லை மீறியது என்று ப்ரூக்ஸ் மறுத்தார் என்பதும், வைல்டர் போராடி வென்றார் என்பதும் இருவரும் சொன்ன செய்திகள். மேடை விளக்கு வெடிக்க, பூதம் அஞ்ச, அவையோர் காய்கறி வீசுகிறார்கள். வித்தை காட்டும்வரைதான் அவர்களுக்கு அவன் வேண்டும்.

இறுதியில் ஃபிரெடரிக் தன் மூளையின் ஆற்றலில் ஒரு பங்கைப் பூதத்துக்கு மாற்றித் தருகிறான். ஊரார் கதவை உடைத்து நுழைகின்றனர். மயங்கிக் கிடக்கும் ஃபிரெடரிக்கை அவர்கள் தூக்கிச் செல்ல முயல, பூதம் எழுந்து பேசுகிறான். தெளிந்த, பண்பட்ட மொழியில். நினைவு தெரிந்த நாள்முதல் மனிதர் தன்னை வெறுத்ததையும், தன்னை அழகாகக் காண முடிந்தவர் இவர் ஒருவரே என்பதையும் சொல்கிறான். அன்பைத் தூண்ட இயலாதெனின் அச்சத்தையாவது விளைவிப்பேன் என்று தான் முடிவு செய்ததாக ஒரு வாக்கியம் அதில் வருகிறது.

அது வைல்டரோ ப்ரூக்ஸோ புனைந்தது அன்று. ஏறக்குறைய அச்சொற்களிலேயே, நாவலின் பதினேழாம் அதிகாரத்தில், பனிமலையில் தன்னைப் படைத்தவனிடம் அவன் சொன்னது. 156 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நகைச்சுவைப் படத்தில் அது அவன் வாய்க்கே வந்து சேர்ந்திருக்கிறது. முதன்முறை பார்த்தபோது நாம் அதைக் கவனிக்கவில்லை, அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தோம்.