நாம் சுற்றிக் காட்டும் பாதைகளை வெட்டியவர்கள் யார்?



பாடசாலை விடுமுறை வந்தால் நம் வீடுகளுக்கு விருந்தாளிகள் வருவார்கள். கொழும்பு, அக்குறணை, காத்தான்குடி, வெளிநாடு என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது ஒரே இடங்களைத்தான்: துன்ஹிந்த, எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், லிப்டன் சீட், தியலும. நாமும் வேன் பிடித்துக் கூட்டிப் போகிறோம், படம் எடுக்கிறோம், திரும்புகிறோம். "இதையெல்லாம் யார் கட்டினது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் "வெள்ளைக்காரன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தப் பதில் போதாது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நம்மில் இருந்தே தொடங்குவோம். ஊவாவின் பழைய பாதைகள் மாடுகள் நடந்த பாதைகள். கண்டி இராச்சிய காலத்தில் கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, மலையிலிருந்து பாக்கு இறங்கியது. பொதிமாடுகளோடு தவளம் நடத்தியவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். அரசு அவர்களை 'மடிகே பத்த' என்ற போக்குவரத்துப் பிரிவில் வைத்திருந்தது. 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸயில் ஹாஜி மரிக்காரை முகாந்திரமாக நியமித்தார்கள். தங்கள் அதிகாரம் பறிபோகிறது என்று உள்ளூர்த் தலைவர்கள் கொதித்தது ஊவாக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று. பதுளையில் இருந்த ஆங்கில அதிகாரி வில்சன் அதே ஆண்டு கொல்லப்பட்டார். 1818இல் கிளர்ச்சியை நசுக்கியபோது ஊவாவின் வயல்களும் வீடுகளும் அழிக்கப்பட்டன.

அதன் பிறகுதான் கோப்பி வந்தது, 1869இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. காடு வெட்டவும் கன்று நடவும் தமிழ்நாட்டிலிருந்து மக்களைக் கங்காணிமார் கூட்டி வந்தார்கள். ஆரம்ப காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனது இதற்காகத்தான்.

இப்போது மலைநாட்டில் 'பீக்கோ டிரெயில்' என்ற நடைபாதை பிரபலமாகியிருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல என நம் ஊவாவையும் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். வெளிநாட்டவர் முதுகில் பையோடு நடக்கும் அந்த வழிகளில் பெரும்பாலானவை, துரைமார் குதிரையில் போகவும் கொழுந்து ஸ்டோருக்கு இறங்கவும் தோட்டத்து மக்கள் வெட்டிய பாதைகள். இன்றும் கொழுந்துக் கூடையோடு அதே பாதையில் ஏறுகிறார்கள்.

அடுத்தது கோச்சிப் பாதை. புகையிரதம் 1894இல் பண்டாரவளைக்கு வந்துவிட்டது. பதுளைக்கு வந்தது 1924இல். இடையில் இருப்பது ஏறக்குறைய 30 கிலோமீற்றர், அதற்கு 30 ஆண்டு! பள்ளத்தாக்கும் சரிவும் அப்படி. எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையில் இருக்கும் ஒன்பது வளைவுப் பாலம் சுமார் 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டியது.

தெமோதர நிலையத்தில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. நிலையத்தைவிட்டுப் புறப்படும் கோச்சி மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தினூடாகப் போகும். சரிவைத் தாங்கக்கூடிய அளவில் வைத்துக்கொண்டு உயரத்தைக் குறைக்க இப்படி ஒரு வழி. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையோ கற்பனையோ, அந்தக் கதையிலும் பொறியியலாளருக்குப் பெயர் இருக்கிறது, கங்காணிக்கு இல்லை.

நாம் படம் எடுக்கும் இந்த நிலையங்களுக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும் 3 இலட்சம் பேருக்கு இலங்கை உரிமை கொடுப்பதென்றும் இரண்டு நாடுகளும் கணக்குப் போட்டன. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் மலைநாட்டு நிலையங்களில் ஏறித் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கினார்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுத அழுகையால் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வந்தது. இன்று கதவில் தொங்கிக்கொண்டு பிள்ளைகள் செல்பி எடுப்பது அதே தண்டவாளத்தில்தான்.

ஹப்புத்தளைப் பக்கம் போவோம். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். ஸ்டோரிலிருந்து ஏழு கிலோமீற்றர் ஏறினால் லிப்டன் சீட். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே தாழ்நிலம் முழுவதும் விரியும். மேகம் சீக்கிரம் மூடிவிடுவதால் விடியற்காலையில் போவதே நல்லது. உச்சியில் லிப்டன் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும் சிலை இருக்கிறது. கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கும் அங்கே சிலை இல்லை.

கடைசியாகத் தியலும. 220 மீற்றர், நாட்டின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. மேலே உள்ள தடாகங்களில் குளிக்க இப்போது கூட்டம் போகிறது. கொஸ்லந்தையைத் தாண்டித்தான் பலரும் அங்கே போகிறார்கள். அந்தக் கொஸ்லந்தையில்தான் மீரியபெத்த இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் மக்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணி கிடைக்கவில்லை. மண்ணுக்குள் போன பலரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. அழகுக்குக் காரணமான அதே சரிவில்தான் லயன்களும் நிற்கின்றன. அடைமழை நாட்களில் நாம் சுற்றுலாவை ஒத்திவைக்கலாம், அங்கே இருப்பவர்களால் வீட்டை ஒத்திவைக்க முடியாது.

சிலர் கேட்கலாம், "சந்தோசமாகப் போகும் இடத்தில் இந்தச் சோகக் கதை எதற்கு?" என்று. தோட்டத்து மக்களின் சம்பள நாளை நம்பித்தான் பதுளை, பண்டாரவளை, பசறைக் கடைவீதிகள் வளர்ந்தன. கடன் கொப்பியில் அவர்கள் பெயரை எழுதிவைத்த கடைகளில் நம் பாட்டன்மாரின் கடைகளும் இருந்தன. அந்தக் கொப்பிகள் போய்விட்டன, பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன. சுற்றுலா வளரட்டும், நம் இளைஞர்கள் ஓட்டோ ஓட்டியும் அறை வாடகைக்கு விட்டும் உழைக்கட்டும். ஆனால் வழிகாட்டும் பிள்ளைக்கு உயரமும் நீளமும் மட்டும் தெரிந்தால் காணாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, இந்த விடுமுறையில் விருந்தாளிகளைக் கூட்டிப் போகும்போது தெமோதரவில் ஐந்து நிமிடம் நின்று ஒப்பாரிக் கோச்சியைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு, உங்கள் வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ 75 வயது தாண்டிய பெரியவர் இருந்தால், போனில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். எந்தப் பாதையை யார் வெட்டினார்கள், எந்தக் கோச்சியில் யார் போனார்கள் என்று கேளுங்கள். கேட்டதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவருக்காகப் பேரப்பிள்ளை எழுதினாலும் சரி, நாங்கள் ஒவ்வொன்றையும் வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.